பணக்கார நாடுகளில் பிள்ளைகள் ஏன் குறைவு, ஏழை நாடுகளில் ஏன் அதிகம்? குமரி மாவட்டத்திலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

குமரி மாவட்டத்தில் இன்று எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு ஆறேழு உடன்பிறப்புகள் இருப்பது சாதாரணம். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் பலருக்கு உடன்பிறந்தவர் ஒருவரே. சிலருக்கு அதுவும் இல்லை. இந்த மாற்றம் நடந்த காலத்தில் இம்மாவட்டத்தில் பெரிய ஆலைகளும் இல்லை, பெரும்பாலான வீடுகளில் கையில் காசும் இல்லை. ஆகவே 'பணம் சேர்ந்தால் பிள்ளை குறையும்' என்ற பொதுவான விளக்கத்தைச் சோதித்துப் பார்க்க நம் ஊர் நல்ல இடம். மாணவர்களும் பெரியவர்களும் இதுபற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்ல முயன்றிருக்கிறேன்.

பிறப்பு விகிதம், கருவள விகிதம் என்று இரண்டு கணக்குகள் சொல்கிறார்களே, எதைப் பார்ப்பது?

ஓர் ஆண்டில் ஆயிரம் பேருக்கு எத்தனை குழந்தைகள் பிறந்தன என்பது பிறப்பு விகிதம். சில ஊர்களை மாதிரியாக எடுத்துப் பிறப்பு இறப்புகளைக் கணக்கிடும் அரசின் மாதிரிப் பதிவு முறையின் 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இது இந்தியாவில் 19.5, தமிழ்நாட்டில் 13.8, பீகாரில் 25.5. இந்தக் கணக்கில் ஒரு குறை உண்டு. இளைஞர்கள் வளைகுடாவுக்கும் பெங்களூருக்கும் போய்விட, முதியவர்கள் தங்கிவிட்ட ஊரில், இருக்கும் தம்பதிகள் எத்தனை பிள்ளை பெற்றாலும் பிறப்பு விகிதம் குறைவாகவே தெரியும். குமரியின் பல ஊர்கள் அப்படிப்பட்டவை.

அதனால் நாடுகளை ஒப்பிடுவோர் மொத்தக் கருவள விகிதத்தைப் பார்க்கிறார்கள். 15 வயது முதல் 49 வயது வரை ஒரு பெண் இன்றைய நிலவரப்படியே வாழ்ந்தால் சராசரியாக எத்தனை பிள்ளைகளைப் பெறுவார் என்பதே அது. இந்த எண் 2.1 ஆக இருந்தால், வெளியிலிருந்து யாரும் வராமலேயே, ஒரு தலைமுறை தன் இடத்தை நிரப்பிக்கொள்ளும். சரியாக இரண்டு என்று வைக்காததற்குக் காரணம், பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகள் சற்று அதிகமாகப் பிறப்பதும், சில பெண் குழந்தைகள் வளர்ந்து தாயாகும் முன்பே இறந்துவிடுவதும்தான். குழந்தை மரணம் மிகுந்த நாடுகளில் 2.1 போதாது, இன்னும் கூடுதலாக வேண்டும்.

உலக நாடுகளுக்கிடையே இடைவெளி எவ்வளவு?

நைஜர், சாட், சோமாலியா, காங்கோ ஜனநாயகக் குடியரசு ஆகிய நாடுகளில் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ ஆறு பிள்ளைகள். தென்கொரியாவில் 2023-இல் 0.72, அதாவது ஒன்றுகூட இல்லை. ஜப்பானிலும் இத்தாலியிலும் 1.2-ஐ ஒட்டி, அமெரிக்காவில் 1.6-ஐ ஒட்டி நிற்கிறது. 1950-களில் உலகச் சராசரி ஐந்தாக இருந்தது, இப்போது 2.3-க்கும் கீழே வந்துவிட்டது.

இந்தியாவில் 1992-93-இல் எடுத்த முதல் தேசிய குடும்ப நல ஆய்வில் 3.4 ஆக இருந்த விகிதம், 2019-21-இல் எடுத்த ஐந்தாவது ஆய்வில் 2.0 ஆனது. அதே ஐந்தாவது ஆய்வில் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் 1.8, பீகாருக்கு 3.0. மாதிரிப் பதிவு முறையோ 2020-இல் தமிழ்நாட்டுக்கு 1.4 என்கிறது. கணக்கெடுக்கும் முறை வேறு என்பதால் வரும் வேறுபாடு இது. எந்த எண்ணை எடுத்தாலும் தமிழ்நாடு 2.1-க்குக் கீழேதான் இருக்கிறது.

அப்படியானால் பணம் வந்தால் பிள்ளை குறையும் என்பது உண்மைதானே?

பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஒவ்வொரு நாட்டின் வரலாற்றையும் தனியே எடுத்துப் பார்த்தால் அந்த விளக்கம் பல இடங்களில் தடுமாறுகிறது.

நம் ஊரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போன சவூதி அரேபியாவையே எடுத்துக்கொள்ளலாம். எண்ணெய்ப் பணம் கொட்டிய காலத்திலும், 1980-ஐ ஒட்டி, அங்கே ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ ஏழு பிள்ளைகள். ஓமானில் ஏறத்தாழ எட்டு. பணம் வந்த வேகத்தில் குடும்பம் சுருங்கவில்லை. பெண்பிள்ளைகள் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போய், திருமண வயது உயர்ந்த பிறகே சுருங்கியது. இதற்கு நேர்மாறு வங்கதேசம். 1970-களின் நடுவில் ஆறுக்கு மேல் இருந்த விகிதம் 2014-இல் 2.3 ஆகிவிட்டது, அப்போதும் அது ஏழை நாடுதான். தாய்லாந்து பணக்கார நாடாகும் முன்பே ஐரோப்பாவின் அளவுக்கு இறங்கிவிட்டது. தொழிற்புரட்சி நடந்தது இங்கிலாந்தில்; ஆனால் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஐரோப்பாவில் முதலில் பிறப்பு குறையத் தொடங்கியது பிரான்சில். வசதி மிகுந்த இஸ்ரேலில் இன்றும் மூன்றை ஒட்டி இருக்கிறது.

செல்வத்தோடு கூடவே வரும் வேறு சில மாற்றங்கள்தாம் பிறப்பைக் குறைக்கின்றன என்பதே இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முடிவு. பெற்ற பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை, பெண்ணின் படிப்பு, பிள்ளையால் வரும் வருவாய் நின்று பிள்ளைக்காக ஆகும் செலவு தொடங்குவது ஆகிய மூன்றும் அவற்றில் முக்கியமானவை. இவை செல்வம் வராமலும் வரலாம். செல்வம் வந்தும் வராமல் போகலாம்.

ஏழைக் குடும்பங்கள் செலவைப் பற்றி யோசிக்காமல்தானே நிறையப் பிள்ளைகளைப் பெறுகின்றன?

இந்தக் கேள்வியை நாகரிகமான வீடுகளில்தான் அதிகம் கேட்கிறேன். நம் தாத்தா பாட்டிமார் யோசிக்காமல் பெற்றார்கள் என்று சொல்வதற்குச் சமம் இது. அவர்கள் யோசித்தார்கள், அவர்கள் போட்ட கணக்கு வேறு.

அரை நூற்றாண்டுக்கு முன் அகஸ்தீஸ்வரம் பக்கத்திலோ விளவங்கோடு பக்கத்திலோ இருந்த ஒரு பனையேறிக் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். பருவ காலத்தில் அப்பா விடிவதற்கு முன்பே மரத்தில் இருப்பார். மாலையில் மறுபடியும் ஏறுவார். இறக்கிய அக்கானியை (பதநீரை) அன்றைக்கே காய்ச்சியாக வேண்டும், இல்லாவிட்டால் புளித்துப் போகும். அம்மா அடுப்பை விட்டு நகர முடியாது. மணிக்கணக்கில் எரியும் அந்த அடுப்புக்கு விறகும் சருகும் காய்ந்த ஓலையும் கொண்டுவந்து குவிப்பது ஏழெட்டு வயதுப் பிள்ளைகளின் வேலை. பத்து வயதுப் பெண் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே, கருப்பட்டி ஊற்றுவதற்கான சிரட்டைகளைக் கழுவி வரிசையாக அடுக்குவாள். பெரிய பையன் கலயம் சுமப்பான். மீசை அரும்பும் வயதில் அவனும் மரத்தில் ஏறிவிடுவான். பிள்ளைக்கு ஆகும் செலவு மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும், ஆண்டுக்கு ஒரு துணியும். கடற்கரையிலும் இதே கதைதான். கரமடி என்னும் பெரிய வலையைக் கரைக்கு இழுக்க எத்தனை கைகள் இருந்தாலும் போதாது. ஓய்வூதியம், காப்பீடு, வங்கிக் கணக்கு எதுவும் இல்லாத அந்த வீட்டில், முதுமைக்கான சேமிப்பும் பிள்ளைகளே.

இன்று அதே குடும்பத்தின் பேரன் வீட்டில் நிலை தலைகீழ். காலை ஏழரைக்குப் பள்ளி வேன் வாசலுக்கு வருகிறது, மாலையில் டியூஷன், பிறகு நர்சிங் கல்லூரிக் கட்டணமோ பொறியியல் கல்லூரிக் கட்டணமோ, விடுதிச் செலவோ காத்திருக்கிறது. இருபத்திரண்டு வயதுவரை பிள்ளையிடமிருந்து வீட்டுக்கு ஒரு காசும் வராது. அப்பாவின் வருமானம் தாத்தாவின் வருமானத்தைப்போலப் பல மடங்கு இருந்தும், 'ரெண்டு பிள்ளைக்கு மேல் கட்டுப்படியாகாது' என்கிறார். அவர் சொல்வதும் சரிதான்.

ஆஸ்திரேலிய மக்கள்தொகையியல் அறிஞர் ஜான் கால்டுவெல் 1976-இல் இதையே கோட்பாடாக்கினார். செல்வம் பிள்ளையிடமிருந்து பெற்றோருக்குப் பாயும் சமூகத்தில் அதிகப் பிள்ளைகள் பெறுவது அறிவுக்குப் பொருந்திய முடிவு. அந்த ஓட்டம் திசைமாறி, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் பாயத் தொடங்கியதும் சிறு குடும்பமே அறிவுக்குப் பொருந்திய முடிவாகிறது. அதற்கு முன்பே, 1960-இல், அமெரிக்கப் பொருளியலாளர் கேரி பெக்கர் வேறொரு கோணத்தில் எழுதியிருந்தார்: வருமானம் உயர்ந்தால் பெற்றோர் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, ஒவ்வொரு பிள்ளைக்கும் செய்யும் செலவைக் கூட்டவே விரும்புகிறார்கள்.

குழந்தை மரணம் குறைந்தால் மக்கள்தொகை பெருகத்தானே வேண்டும்? அது எப்படிப் பிறப்பைக் குறைக்கும்?

முதலில் பெருகத்தான் செய்யும். பெற்றதில் இரண்டு மூன்று தங்காமல் போகும் என்று தெரிந்த வீட்டில், தங்குபவை போதுமான அளவு இருக்க வேண்டும் என்பதற்காகவே கூடுதலாகப் பெறுவார்கள். தடுப்பூசியும் நல்ல தண்ணீரும் மருத்துவமனைப் பிரசவமும் வந்து குழந்தைகள் பிழைக்கத் தொடங்கினாலும், அடுத்த வீட்டிலும் எதிர்வீட்டிலும் பிள்ளைகள் தங்கி வளர்வதைப் பல ஆண்டுகள் கண்ணால் பார்த்த பிறகே அந்த நம்பிக்கை உறுதிப்படும். இறப்பு குறைந்து பிறப்பு குறையாத அந்த இடைக்காலத்தில்தான் மக்கள்தொகை வேகமாகப் பெருகுகிறது. மேற்கு ஐரோப்பாவின் பல நாடுகளில் அந்த இடைக்காலம் ஒரு நூற்றாண்டுக்குமேல் நீண்டது.

இந்தியாவில் 1971-இல் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 ஒரு வயதுக்குள் இறந்தன, 2020-இல் 28. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் 13, கேரளத்தில் 6. நைஜரில் ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் இன்றும் ஆயிரத்துக்கு நூறைத் தாண்டுகின்றன. இந்த எண்ணையும் அங்குள்ள ஆறு பிள்ளைகள் என்ற எண்ணையும் தனித்தனியே படிக்கக் கூடாது.

நம் பகுதியில் நவீன மருத்துவம் சீக்கிரமே வந்தது. லண்டன் மிஷனரி சங்கத்தின் மருத்துவப் பணி நெய்யூரில் 1838-இல் தொடங்கியது. ஒரு மருத்துவமனையால் மட்டும் ஒரு மாவட்டத்தின் குழந்தைகள் பிழைத்துவிட மாட்டார்கள் என்றாலும், நோய்க்கு மருத்துவமனைக்குப் போகும் வழக்கம் இங்கே பல தலைமுறைகளாகப் பழகிப்போனது.

பெண்கல்விக்கும் பிள்ளை எண்ணிக்கைக்கும் என்ன தொடர்பு?

முதலாவது தொடர்பு மிக எளியது: பள்ளியில் இருக்கும் பெண்ணுக்கு யாரும் கல்யாணம் பேசுவதில்லை. பிளஸ் டூ, அதன்பின் கல்லூரி என்று போனால் திருமண வயது தானாகவே இருபதைத் தாண்டிவிடும். இரண்டாவது, படித்த பெண் வேலைக்குப் போனால் ஒவ்வொரு பிள்ளைக்காகவும் அவர் விட்டுவிட வேண்டிய சம்பளம் ஒரு செலவாகிறது. படிக்காத வீட்டில் அந்தச் செலவே கிடையாது. மூன்றாவதை எண்ணிக்கையில் காட்டுவது கடினம். ஆனால் எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. எழுதப் படிக்கத் தெரிந்த பெண் சுகாதார நிலையத்தில் நர்ஸிடம் நேரடியாகக் கேள்வி கேட்கிறார், மருந்துச் சீட்டைப் படிக்கிறார், 'ரெண்டு போதும்' என்று மாமியாரிடம் சொல்லும் துணிவைப் பெறுகிறார்.

குமரியில் இது இருநூறு ஆண்டுக் கதை. கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதிபாய் 1817-இல் ஆணை பிறப்பித்தபோது இன்றைய குமரி மாவட்டம் அவருடைய ஆட்சிக்குள் இருந்தது. 1819-ஐ ஒட்டி நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கான பள்ளி தொடங்கியது. லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அங்கே எழுத்தோடு லேஸ் பின்னலையும் கற்றுக்கொடுத்தார். ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் அந்த லேஸ் வேலையால் சொந்தமாகக் காசு ஈட்ட முடிந்தது. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, இந்தப் படிப்புப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தன. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் மாநிலத்தின் முதல் மாவட்டம் இதுதான். அதே கணக்கெடுப்பில் இங்கே ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் மொத்த மக்கள்தொகையில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு, பீகாரில் பதினெட்டு.

ஒரு விதிவிலக்கையும் சொல்லியாக வேண்டும். மேற்கு வங்கத்தில் 20 முதல் 24 வயதுவரை உள்ள பெண்களில் 41.6 விழுக்காட்டினர் 18 வயதுக்கு முன்பே திருமணமானவர்கள் என்கிறது ஐந்தாவது குடும்ப நல ஆய்வு. பீகாரின் நிலையும் ஏறக்குறைய அதேதான். ஆனால் பீகாரின் கருவள விகிதம் 3.0, வங்கத்தின் விகிதம் 1.6. சீக்கிரமே மணம் முடித்து, சீக்கிரமே ஒன்றோ இரண்டோ பெற்று, அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். திருமணத்தைத் தள்ளிப்போடுவது ஒரு வழிதான். அது ஒன்றே வழியல்ல. அந்தப் பெண்களின் உடல்நலத்துக்கு அது நல்ல வழியும் அல்ல.

அரசின் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம்தானே எல்லாவற்றுக்கும் காரணம்?

1952-இல் தேசிய அளவில் குடும்பக் கட்டுப்பாட்டைத் திட்டமாக்கிய முதல் நாடு இந்தியா. அதன் சின்னமான சிவப்பு முக்கோணமும் 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்ற வாசகமும் பேருந்தின் பின்புறம்வரை வந்து சேர்ந்தன. இந்தச் சிந்தனை தென்னாட்டுக்கு அதற்கும் முந்தையது. கர்ப்பத் தடை பெண்ணின் விடுதலைக்கு வேண்டியது என்று பெரியார் 1930-களிலேயே எழுதினார். 1935 இறுதியில் திருவனந்தபுரத்தில் கூடிய அகில இந்திய மாதர் மாநாட்டுக்கு அமெரிக்காவின் கருத்தடை இயக்க முன்னோடி மார்கரெட் சாங்கர் வந்திருந்தார். நாகர்கோவில் அப்போது அதே திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஊர்.

திட்டம் இல்லாமல் இருந்திருந்தால் குறைவு இன்னும் மெதுவாக நடந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. சிறு குடும்பத்தை விரும்பும் பெண்ணுக்கு வழி கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆனால் விருப்பம் இல்லாத இடத்தில் வழியை மட்டும் திணித்தால் என்ன ஆகும் என்பதை நெருக்கடி நிலை காட்டியது. 1976-77-இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் செய்யப்பட்டன. வட மாநிலங்களில் கட்டாயப்படுத்தப்பட்ட ஆண்களின் கோபம் தேர்தலில் வெளிப்பட்டது. அதன் பின்விளைவாக ஆண்களுக்கான அறுவை சிகிச்சை இந்தியாவில் ஏறக்குறைய மறைந்தே போனது. இன்று அந்தச் சுமை முழுவதும் பெண்கள் தலையில்தான். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 'ஆபரேஷன்' செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்ட வீட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெண்கல்வியில் முதலிடம் என்று பெருமைப்படும் மாவட்டத்திலும் இதில் மாற்றம் இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

சீனாவைப் பற்றிக் கேட்பார்கள். ஒரு குழந்தைக் கொள்கை 1979-80-இல் வந்தது. அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளிலேயே அங்கே விகிதம் ஏறத்தாழ ஆறிலிருந்து மூன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில், யாரையும் அப்படிக் கட்டாயப்படுத்தாமலேயே கேரளமும் தமிழ்நாடும் இரண்டுக்குக் கீழே வந்துசேர்ந்தன.

மதத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லையா?

2011 கணக்குப்படி குமரி மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 46.85, முஸ்லிம்கள் 4.2. ஒரே தெருவில் மூன்று மதத்தவரும் வாழும் ஊர்கள் இங்கே ஏராளம். பிள்ளைகள் போகும் பள்ளியும் ஒன்றுதான், குடும்ப அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். கத்தோலிக்க நாடான இத்தாலியின் நிலையை மேலே சொன்னேன். இஸ்லாமியக் குடியரசான ஈரானில் 1980-களின் தொடக்கத்தில் ஆறுக்கு மேல் இருந்த விகிதம் இருபதே ஆண்டுகளில் இரண்டை ஒட்டி வந்துவிட்டது. இந்தியாவிலும் முஸ்லிம் பெண்களின் விகிதம் 1992-93-இல் 4.4 ஆக இருந்து 2019-21-இல் 2.4-க்கும் கீழே இறங்கியது. மற்ற எந்தச் சமூகத்தைவிடவும் இது வேகமான இறக்கம்.

அப்படியானால் நைஜர் போன்ற நாடுகளில் ஏன் இன்னும் குறையவில்லை?

பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை, பெண்ணின் படிப்பு, பிள்ளைக்கு ஆகும் செலவு என்று மேலே சொன்ன மூன்றும் அங்கே இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. பெண்களில் நான்கில் மூன்று பேர் 18 வயதுக்கு முன்பே மணமுடிக்கிறார்கள். குழந்தை மரணம் அதிகம். பெரும்பாலோர் மழையை நம்பிய விவசாயிகளும் கால்நடை வளர்ப்பவர்களும். 2012-இல் நடந்த ஆய்வொன்றில் எத்தனை பிள்ளைகள் வேண்டும் என்று கேட்டபோது பெண்கள் சொன்ன சராசரியே ஒன்பதை ஒட்டி இருந்தது. மாத்திரையையும் ஊசியையும் லாரியில் ஏற்றி அனுப்பினால் மட்டும் அந்த எண் இறங்கிவிடாது. ஆனால் ஆப்பிரிக்கா முழுவதும் இப்படித்தான் என்று எண்ணிவிடக் கூடாது. எத்தியோப்பியா, ருவாண்டா, கென்யா ஆகியவற்றில் கடந்த முப்பது ஆண்டுகளில் நல்ல இறக்கம் நடந்திருக்கிறது.

சில பணக்கார நாடுகளில் இரண்டோடு நிற்காமல் ஒன்றுக்கும் கீழே போவது ஏன்?

இங்கே கதை வேறு. இரண்டு பிள்ளைகள் வேண்டும் என்று விரும்புவோரும் அதை அடைய முடியாமல் போகிறது. தென்கொரியாவில் 1960-இல் ஆறு, 2023-இல் 0.72, ஒரே ஆயுளுக்குள் நடந்த மாற்றம். சியோலில் வீட்டு விலை எட்டாத உயரம். பள்ளி முடிந்த பின் தனிப்பயிற்சி மையங்களுக்குக் கொட்டும் பணம் குடும்பத்தின் பெருஞ்செலவு. இரவுவரை நீளும் அலுவலக வேலை. பிள்ளை பெற்றால் பெண்ணின் பதவி உயர்வு நின்றுபோகும் என்ற அச்சம். வீட்டில் ஆண் கைகொடுக்காத பழக்கம். திருமணத்துக்கு வெளியே பிள்ளை பெறுவது அங்கே மிக அரிது என்பதால், திருமணம் தள்ளிப்போனால் பிள்ளையும் சேர்ந்தே தள்ளிப்போகிறது. பிரான்சில் பாதிக்கும் மேற்பட்ட பிறப்புகள் திருமணத்துக்கு வெளியே. பகல்நேரப் பிள்ளைக் காப்பகங்களும் எளிதில் கிடைக்கும். அதன் விகிதம் கொரியாவைப்போல இரு மடங்குக்கும் மேல்.

படிப்பில் பெண்ணை முன்னே அனுப்பிவிட்டு, அடுப்படியை மட்டும் பழையபடி அவள் பொறுப்பிலேயே விட்டுவைத்த சமூகங்களில் சரிவு கடுமையாக இருக்கிறது. டியூஷன் செலவையும் அடுப்படிப் பொறுப்பையும் பற்றிய இந்த வரிகளை நாகர்கோவிலில் படித்தாலும் அந்நியமாகத் தோன்றாது.

பிறப்பு குறைந்தும் இந்திய மக்கள்தொகை ஏன் கூடிக்கொண்டே போகிறது?

முன்பு பிறந்த பெருங்கூட்டம் இப்போது பிள்ளை பெறும் வயதில் இருப்பதால். ஒவ்வொருவரும் இரண்டே பெற்றாலும் பெறுபவர்களின் எண்ணிக்கை அதிகம். ஐ.நா. மதிப்பீட்டின்படி 2060-களின் தொடக்கத்தில் 170 கோடியைத் தொட்டபின் இறங்கத் தொடங்கும்.

குமரி மாவட்டத்துக்கு இதனால் என்ன விளைவு?

கண்ணுக்குத் தெரிவது முதுமை. 2021-க்கான மதிப்பீட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் தமிழ்நாட்டில் 13.6 விழுக்காடு, கேரளத்தில் 16.5. குமரியின் போக்கு எல்லைக்கு அப்பாலுள்ள கேரளத்தையே ஒத்திருக்கும் என்று எதிர்பார்ப்பது தவறாகாது. இரண்டு பிள்ளைகளும் துபாயிலும் கனடாவிலும் இருக்க, மாடிவீட்டில் கணவனும் மனைவியும் மட்டும் இருந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது இங்கே இப்போது சாதாரணம். இரவில் ஒருவருக்கு மூச்சுத்திணறல் வந்தால் பக்கத்து வீட்டுக்காரர்தான் ஆட்டோ பிடிக்க வேண்டும். முதியோரை வீட்டில் வந்து பார்த்துக்கொள்ளும் ஹோம் நர்ஸுக்கு மாதச் சம்பளம் கொடுக்க முடிகிறவர்கள் சிலரே.

இரண்டாவது விளைவு அரசியல் சார்ந்தது. மாநிலங்களுக்கான மக்களவை இடங்கள் 1971 கணக்கெடுப்பின்படியே நிற்கின்றன. அரசியலமைப்பில் 1976-இல் செய்த 42-ஆவது திருத்தமும், 2001-இல் செய்த 84-ஆவது திருத்தமும் அவற்றை அப்படியே நிறுத்திவைத்தன. 2026-க்குப் பிறகான முதல் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டால், பிறப்பைக் குறைத்த மாநிலங்களின் பங்கு குறையும் என்ற கவலை அங்கிருந்து எழுகிறது.

அப்படியானால் இனி கூடுதலாகப் பெற வேண்டும் என்று அரசுகள் சொல்வது சரியா?

2024 அக்டோபரில் ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவும் தமிழக முதலமைச்சர் மு.க. ஸ்டாலினும் அந்தத் தொனியில் பேசினார்கள். உள்ளாட்சித் தேர்தலில் போட்டியிட இரண்டு பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியையே ஆந்திரம் நீக்கிவிட்டது. சொல்வதால் யாரும் பெறப்போவதில்லை. இருபது ஆண்டுகளாகப் பெருந்தொகை செலவிட்ட தென்கொரியாவால் 2023 வரை இறக்கத்தை நிறுத்த முடியவில்லை. வரிச்சலுகையும் வீட்டுக்கடனும் கொடுத்த ஹங்கேரியில் 1.25-ஐ ஒட்டி இருந்த விகிதம் 1.6 வரை ஏறியது; பிறகு மீண்டும் இறங்கிவிட்டது. அரசு செய்யக்கூடியது, இரண்டாவது பிள்ளை வேண்டும் என்று ஏற்கெனவே நினைப்பவர்களுக்கு இடையூறாக இருப்பவற்றைக் குறைப்பதுதான்: வேலைக்குப் போகும் தாய்க்கு மாலைவரை திறந்திருக்கும் காப்பகம், பெற்றோர் நம்பி அனுப்பக்கூடிய அரசுப் பள்ளி, பேறுகாலம் முடிந்து திரும்பும் பெண்ணுக்கு அதே வேலை.

வடமாநிலத் தொழிலாளர்கள் இங்கே குடியேறுவதால் பிறப்பு விகிதம் மாறுமா?

கட்டட வேலையிலும் ஓட்டல்களிலும் இன்று இந்தி, வங்காளம், ஒடியா பேசுவோர் நிறைய இருக்கிறார்கள். பெரும்பாலோர் தனியாக வந்திருக்கும் இளைஞர்கள். அவர்களுடைய பிள்ளைகள் பிறப்பது அவர்களுடைய ஊரில். குடும்பத்தோடு தங்கிவிடுபவர்களும் ஒரு தலைமுறைக்குள் தங்கிய இடத்தின் குடும்ப அளவுக்கே வந்துவிடுகிறார்கள் என்பது உலகின் பல நாடுகளில் கண்ட அனுபவம். இங்கே பிறந்து, இதே பள்ளி வேனுக்கும் இதே டியூஷனுக்கும் பணம் கட்டும் வீட்டில் அதற்கு மாறாக நடக்கக் காரணம் இல்லை. மேலும், ஐந்தாவது குடும்ப நல ஆய்வின்படி ஒடிசாவின் விகிதம் 1.8, அசாமில் 1.9, மேற்கு வங்கத்தில் தமிழ்நாட்டைவிடக் குறைவாக 1.6. அந்த ஊர்களிலும் இளைஞர் கூட்டம் இன்னும் இருபது முப்பது ஆண்டுகளில் சுருங்கிவிடும். கான்கிரீட் போடவும் ஓட்டலில் பரிமாறவும் அப்போது எங்கிருந்து ஆள் வரும் என்பதை இங்குள்ள காண்டிராக்டர்கள் இப்போதே யோசித்து வைப்பது நல்லது.